பருப்பு டப்பாவில் ஒரு சார்ஜர்

புத்தலப்பட்டு,
15-10-2008, புதன்கிழமை.

அன்பு மகள் கல்பனாவுக்கு உன் அம்மா கமலம்மா ஆசி கூறி எழுதுவது. ஏழுமலையான் புண்ணியத்தில் நானும் உன் நைனாவும் இங்கே சுகம், மாடும் கன்றும் சுகம். உன் சுகத்தை நேற்று முன்தினம் காலையில் உன் வாயாலேயே கேட்டுவிட்டதால், அங்கே நீ சுகமா என்று கேட்டு இந்தத் தாளில் ஒரு வரியை வீணாக்கப் போவதில்லை. போன் இருக்கும்போது கடுதாசி எதற்கு என்று நினைப்பாய். அன்றைக்கு நீ மூச்சு விடாமல் கேள்வி கேட்டாய், நான் வாயைத் திறந்து நாலு வார்த்தை சொல்வதற்குள் உன் பேலன்ஸ் தீர்ந்து லைன் அறுந்துவிட்டது. நாலு நாள் கதையை நாற்பது விநாடியில் சொல்ல எனக்கு வராது, அதனால்தான் எழுதுகிறேன். நீ தெலுங்கு மீடியத்தில் படித்தவள், என் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று பெரிது பெரிதாக எழுதுகிறேன், ஆற அமர உட்கார்ந்து படி. நீ பார்த்துக்கொள்கிற அந்த வீட்டுப் பெரியம்மா தூங்குகிற நேரமாகப் பார்த்துப் படி, ஏனென்றால் நடுவில் சிரிப்பு வரும்.

நீ குவைத்துக்கு விமானம் ஏறுகிற அன்று செய்துவிட்டுப் போன ஏற்பாட்டை நாங்கள் ஒரு நாளும் மறந்ததில்லை. தினமும் காலை எட்டு மணிக்கு, உனக்கு அப்போது ஐந்தரை, நீ ஒரு ரிங் விட்டு நிறுத்தினால் நல்லா இருக்கிறாய் என்று அர்த்தம், எடுக்கக் கூடாது. விட்டு விட்டு மூன்று தரம் அடித்தால் ஏதோ ஆபத்து, உடனே எடுக்க வேண்டும், எடுத்து என்ன சொல்கிறாயோ கேட்டுச் செய்ய வேண்டும். நாங்களாக உனக்குப் போன் போடக் கூடாது, அந்த வீட்டில் போன் அடித்தால் அவர்களுக்குப் பிடிக்காது என்று சொல்லியிருந்தாய். ஒன்றரை வருஷமாக அந்த ஒரு ரிங்கைக் கேட்ட பிறகுதான் உன் நைனா காப்பியில் வாய் வைப்பார். எட்டு மணி ஆனால் மாட்டைக் கூட அதட்ட மாட்டார். நான் பாத்திரத்தை நகர்த்தினால் கையைத் தூக்கி உஸ் என்பார். அடித்து நின்றதும் பெரிய ஆபீசர் கையெழுத்துப் போட்ட மாதிரி தலையை ஆட்டிவிட்டு நிலத்துக்குப் போவார். இந்த நிலையில்தான் போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ஞாயிறு நம் தெரு டிரான்ஸ்ஃபார்மரில் நியூட்ரல் வயர் அறுந்தது. பல்பெல்லாம் ஒரு தரம் சூரியன் போல எரிந்து டப் டப் என்று வெடித்தது. பக்கத்து வீட்டுச் செல்லியம்மாவின் டிவியில் புகை. எதிர் வீட்டில் மிக்ஸி. நீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன போனின் சார்ஜர் சுவரில் செருகியபடியே உருகித் தொங்கியது. நல்லவேளை, போன் அதில் மாட்டியிருக்கவில்லை, அது உன் நைனா இடுப்பில் இருந்தது.

லைன்மேன் வந்தார். ரேப்பு வரேன், நாளைக்கு வரேன் என்று இரண்டு நாளைக் கடத்திவிட்டுச் செவ்வாய்க்கிழமைதான் கட்டிக் கொடுத்தார். கட்டிய பிறகும் கரண்ட் பழைய குணத்தை விடவில்லை, உனக்குத் தெரியாததா. எல்லாரும் ஒரே நேரத்தில் மோட்டார் போட்டால் பல்பு அழுதுகொண்டு எரியும். எல்லா மோட்டாரும் நின்றால் கண்ணைப் பறிக்கும். உன் நைனா பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் தள்ளுவண்டியில் விற்கிற சார்ஜர் ஒன்று வாங்கி வந்தார், இறகு மாதிரி லேசாக இருந்தது. அன்று சாயங்காலம் மோட்டார்கள் நிற்கிற நேரத்தில் செத்தது. மறுநாள் ஆயுத பூஜை. இன்னொன்று வாங்கி வந்து அரிவாள், மண்வெட்டி, என் தையல் மெஷின் எல்லாவற்றோடும் போனையும் சார்ஜரையும் வைத்துப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டினார். சாமி கும்பிட்ட அரை மணி நேரத்தில் அதுவும் செத்தது, போனில் இருந்த கடைசிக் கோடும் சாயங்காலத்தோடு போய்விட்டது. சிம்மைக் கழற்றிச் செல்லியம்மா போனில் போடலாம் என்று ஓடினேன். அவள் போன் நம்பரைக் கம்பெனிக்காரனே உள்ளே வைத்துக் கொடுக்கிற ஜாதியாம், சிம் போடுகிற சந்தே இல்லை. வியாழக்கிழமை காலை எட்டு மணி ஆனது. உன் நைனா வழக்கப்படி உட்கார்ந்தார். கறுத்துப்போன போனைப் பார்த்தபடி உட்கார்ந்தே இருந்தார். நீ அடித்தாயா, ஒன்று அடித்தாயா மூன்று அடித்தாயா என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை, அணைந்த போனில் அடித்தது எங்கேயும் பதிவாகாதாம். காப்பி ஆறி ஆடை கட்டிவிட்டது, அவர் தொடவில்லை.

அன்றைக்கு விஜயதசமி. புதிதாக எதையும் தொடங்க நல்ல நாள் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு, பரண் மேல் இருந்த தகரப் பெட்டியை இறக்கி, பட்டுப்புடவைக்கு அடியில் இருந்த, ஈயம் உருக்கி வைக்கிற என் சால்டரிங் அயர்னை எடுத்தேன். ஏர்பேட்டில் நாம் வாடகைக்கு இருந்தபோது ரேணிகுண்டா ரோட்டில் இருந்த டிவி போர்டு கம்பெனிக்கு நான் ஒன்பது வருஷம் போய் வந்தது உனக்கு நினைவிருக்கும், என் புடவையில் எப்போதும் ஒரு புகை வாசனை வரும், நீ மூக்கைப் பொத்திக்கொள்வாய். வெளிநாட்டு டிவி கடை கடையாக வந்து இறங்கியதும் கம்பெனியை மூடிவிட்டார்கள், அதுவும் உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். அங்கே எங்களுக்கு ஆளுக்கு ஒரு வேலை. ருக்மணி மேஜையில் போர்டின் ஓட்டைகளில் சாமான்களைச் செருகுவாள். அது பெல்ட்டில் நகர்ந்து என்னிடம் கவிழ்ந்து வரும், அடியில் துருத்திக்கொண்டிருக்கும் கால்களுக்கு நான் ஈயம் வைப்பேன். பிறகு இந்திராணியிடம் போகும், அவள் மீட்டர் வைத்துச் சோதிப்பாள். ஒன்பது வருஷத்தில் ஒரு போர்டை முதலிலிருந்து கடைசி வரை நாங்கள் யாருமே செய்ததில்லை. எந்தக் காலுக்கு எத்தனை ஈயம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், அந்தக் கால் எதனுடையது, அது என்ன செய்யும் என்று கேட்டால் முழிப்பேன்.

அயர்னைப் பார்த்ததும் உன் நைனா எகிறினார். இன்னா மே உனுக்கு பைத்தியமா, கரண்ட்ல கை வெக்காத, பொண்ணு அங்க, நீயும் பூட்டின்னா நான் மாட்டு கிட்ட பேசிக்கினு குந்தியிருக்கணுமா என்று கத்தினார். மாட்டிடம் இப்போதும்தானே பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்றேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை காலை, இந்திராணியைக் கேட்டுச் சாமான் வாங்கி வர நான் திருப்பதிக்குக் கிளம்பும்போது போனைக் கொடுங்கள், கொண்டுபோகிறேன் என்று கேட்டதற்குக் கொடுக்கவில்லை, நீ பஸ்ஸுல போவ சொல்ல அது அடிச்சா நான் இன்னா பண்றது என்றார். செத்த போன் எப்படி அடிக்கும்? இந்த மனிதனிடம் வாய் கொடுத்தால் பஸ் போய்விடும் என்று கோபத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். திருப்பதியில் இறங்கினால் எதிரிலேயே ஒரு கடை வாசலில், இங்கு செல்போன் சார்ஜ் செய்யப்படும் என்று மூன்று பாஷையில் பலகை. நடுரோட்டில் நின்று தலையில் அடித்துக்கொண்டேன். கொஞ்சம் சண்டை போட்டுப் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தால் சனிக்கிழமை காலையே உன் ரிங்கைக் கேட்டிருக்கலாம். உன் நைனாவைச் சொல்லிக் குற்றமில்லை, கோபப்பட்டது நான்தான்.

மனசு கேட்காமல் ஒரு ஐஎஸ்டி பூத்தில் ஏறினேன். நீ போடாதே என்று சொன்னதை மீறித்தான். முழுவதும் அடித்து ஓய்ந்தது, நீ எடுக்கவில்லை. இன்னொரு தரமும் அப்படியே. பூத்துக்காரப் பையன் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொடுத்தான். அங்கிருந்து நேராக இந்திராணி வீட்டுக்குப் போனேன், அலிபிரி போகிற ரோட்டில் பூக்கட்டி விற்கிறாள், எட்டு வருஷம் கழித்துப் பார்க்கிறோம். அழவா வந்தே, வேலையா வந்தே, சொல்லு மே என்று கேட்டாள், அவள் வாய் அன்றைக்கும் அப்படித்தான். சொன்னேன். சார்ஜர் வாங்கினால் மறுபடி எரியும், இறகு கனத்துக்குச் செய்கிறவனிடம் என்ன இருக்கும், நம் கம்பெனி டிவி போர்டு மூலையில் ஒரு மூன்று கால் சாமான் இருக்குமே, அதுதான் உனக்கு வேண்டும் என்றாள். அதன் பெயர் ரெகுலேட்டராம். உள்ளே எத்தனை வந்தாலும் ஐந்து வோல்ட்டுக்கு மேல் வெளியே விடாதாம், மிச்சத்தைத் தானே சூடாகித் தின்றுவிடுமாம். கல்பனா, எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஒன்பது வருஷத்தில் அந்த மூன்று காலுக்கு எத்தனை ஆயிரம் தரம் ஈயம் வைத்திருப்பேன், வீட்டைக் காக்கிற சாமான் அது என்று இப்போதுதான் தெரிகிறது.

ஒரு பழைய மாலை கட்டுகிற அட்டையில் இந்திராணி எழுதிக் கொடுத்தாள். பன்னிரண்டு வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், ஒன்பது போதும் என்றாலும் நம் ஊர் கரண்ட் பாதியாக இறங்கும்போது தாங்காது. நாலு டயோடு, பெரிய கண்டென்சர் ஒன்று, சின்னது ஒன்று, மூன்று கால் சாமான் ஒன்று. உருகிப்போன சார்ஜரின் மேல் ஐந்து புள்ளி ஏழு என்று போட்டிருந்ததை நான் சொன்னதும் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியென்றால் நடுக்காலுக்கு அடியில் இன்னொரு டயோடு கோத்துவிடு, அரை வோல்ட் மேலே தூக்கிக் கொடுக்கும் என்றாள். மூளைக்காரி. ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் மூன்று கால் சாமானை ரெண்டு எட்த்துனு போம்மா, மொதல் தபா செய்றவங்கோ எல்லாரும் ஒண்ணை எரிப்பாங்கோ என்றார். நான் எரிக்க மாட்டேன், நான் கம்பெனியில் வேலை பார்த்தவள் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டாக வாங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை. புரட்டாசி சனி, ஒருபொழுது இருந்தேன். காலை எட்டு மணி வந்தது, போனது. நான் கடையில் வாங்கிய, ஓட்டை ஓட்டையாக இருக்கும் வெறும் போர்டை மடியில் வைத்து, கம்பெனி டிவி போர்டின் அந்த மூலை எப்படி இருக்கும் என்று நினைவுக்குக் கொண்டுவந்தேன். அட, நேற்றுப் பார்த்தது போல அப்படியே வந்தது. எந்த ஓட்டைக்குப் பக்கத்தில் எது, எது இடம், எது வலம் எல்லாம். அந்தப் படியே சாமான்களைச் செருகி, திருப்பி ஈயம் வைத்தேன். கை மறக்கவேயில்லை, ஒவ்வொரு பொட்டும் வெள்ளி மாதிரி பளபளவென்று வந்தது. உன் நைனாவே எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார், அது அவர் பாராட்டு. நான் பிளக்கைச் செருகினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவதற்குள் மூன்று கால் சாமான் தொட முடியாமல் கொதித்து, ஒரு நாற்றம் அடித்து, நெளிநெளியாகப் புகை விட்டது. உன் நைனா கட்டையால் பிளக்கைத் தட்டிப் பிடுங்கினார், பசியில கண்ணு தெரியலியா மே உனுக்கு என்றார். அன்றைக்கு நான் அழுதேன், சொல்லிவிடுகிறேன். சாமானுக்காக இல்லை. நாளைக்கும் எட்டு மணி வருமே என்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை, கூப்பிடாமலே இந்திராணி பஸ் ஏறி வந்துவிட்டாள், கூடவே ருக்மணியையும் இழுத்து வந்தாள். ருக்மணி முன்பைவிட இரண்டு மடங்கு ஆகிவிட்டாள், வாசற்படியில் பக்கவாட்டில்தான் நுழைந்தாள், இதை அவளிடம் சொல்லிவிடாதே. என் போர்டைக் கையில் வாங்கியதும் ஒரு பார்வைதான் பார்த்தாள், ஐயய்யோ இன்னா மே கமலா, இடமெல்லாம் வலமாவும் வலமெல்லாம் இடமாவும் வெச்சிக்கீற என்றாள். எனக்கு எப்படி இருக்கும்? நான் ஒன்பது வருஷம் பார்த்த போர்டு, உள்ளே வருகிற கால் வலது பக்கம் என்றேன். நானும் ஒன்பது வருஷம் பார்த்த போர்டுதான், இடது பக்கம் என்றாள். பிடித்துக்கொண்டது சண்டை. உனுக்கு எப்பவும் மறதி என்று அவள், உனுக்கு எப்பவும் அவசரம் என்று நான், அந்தக் காலத்தில் என் டிபன் பாக்ஸில் இருந்து வடையைத் திருடியது வரைக்கும் வெளியே வந்துவிட்டது. இந்திராணி போர்டை வாங்கினாள். மேலே காட்டினாள், கவிழ்த்துக் காட்டினாள், மறுபடி மேலே, மறுபடி கவிழ்த்து. பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு, ரெண்டு பேரும் சரிதாண்டி, அவ தலையைப் பாத்தவ, நீ காலைப் பாத்தவ என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. போர்டு என்னிடம் எப்போதும் கவிழ்ந்துதான் வந்தது. ஒன்பது வருஷத்தில் அதன் முகத்தை நான் பார்த்ததே இல்லை. அடியிலிருந்து பார்த்த படத்தை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செருகியிருக்கிறேன், அதனால் மூன்று கால் சாமான் திரும்பி உட்கார்ந்து, உள்ளே போக வேண்டியது வெளியே வருகிற கால் வழியாகப் புகுந்து அதைச் சுட்டிருக்கிறது. மூன்று பேரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சிரித்தோம், உன் நைனா என்னமோ ஏதோ என்று நிலத்திலிருந்து ஓடி வந்தார். அதற்குப் பிறகு வேலை கம்பெனியில் நடந்த மாதிரியே நடந்தது. ருக்மணி செருகினாள், கண்டென்சரின் கோடு போட்ட பக்கம் எது என்று பார்த்துப் பார்த்துச் செருகினாள். நான் ஈயம் வைத்தேன். இந்திராணி பையிலிருந்து மீட்டரையும் நூறு வாட் பல்பு ஒன்றையும் எடுத்தாள். அந்தப் பல்பை வயரில் வரிசையாகக் கோத்துக்கொண்டுதான் முதலில் கரண்ட் கொடுப்பாள், எங்கேயாவது தப்பு இருந்தால் பல்பு எரியும், சாமான் பிழைக்கும். சனிக்கிழமை இந்த புத்தி எனக்கு இல்லை. சூடு இறங்குவதற்காக மூன்று கால் சாமானை ஒரு பழைய அலுமினியத் தட்டில் வெட்டிய துண்டோடு ஸ்குரூ போட்டு இறுக்கினோம். எல்லாவற்றையும் நம் துவரம்பருப்பு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, சூட்டுக்கோலால் ஓட்டை போட்டு, காற்று போக வழி செய்து, அலுமினியத்தை வெளியே விட்டோம். பருப்பு இப்போது பால் பவுடர் டின்னில் இருக்கிறது, நீ வந்தால் தேடாதே.

பல்பு எரியவில்லை. மீட்டரில் ஐந்து புள்ளி ஆறு காட்டியது. ருக்மணி உடனே போனை மாட்டு என்றாள். இந்திராணி கையைத் தட்டிவிட்டாள், மோட்டார் நிற்கிற நேரம் பார்க்காமல் மாட்டவே கூடாது என்றாள். காத்திருந்தோம். சாப்பாடு போட்டேன், துன்னுக்கினே மீட்டரைப் பார்த்தார்கள். ஐந்து மணிக்குத் தெருவில் மோட்டார்கள் ஒவ்வொன்றாக நின்றன, வீட்டு பல்பு எப்போதும் போல வெறி பிடித்து எரிந்தது, செல்லியம்மா அங்கிருந்து ஐயோ என் பல்பு என்று கத்தினாள். மீட்டர் ஐந்து புள்ளி ஆறிலேயே நின்றது. அலுமினியம் தோசைக்கல் போலச் சுட்டது, அது சுடட்டும், ஐந்து புள்ளி ஆறு அசையவில்லை. உருகிய சார்ஜரில் இருந்து வெட்டி இதில் கோத்திருந்த சன்ன முள்ளை உன் நைனாதான் தன் கையால் போனில் செருகினார். பத்து நிமிஷம் ஒன்றும் இல்லை. பிறகு அந்தச் சின்னக் கோடு கீழிருந்து மேலே ஏறியது, விழுந்தது, மறுபடி ஏறியது. உன் நைனா இந்திராணியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அவள் என்னைக் காட்டி, அவளைக் கும்புடுய்யா என்றாள். அவர் கும்பிடவில்லை, நான் விடவும் மாட்டேன். ஆனால் மறுநாள் காலை எனக்கு முன்னால் எழுந்து காப்பி போட்டு வைத்திருந்தார், சர்க்கரை போட மறந்திருந்தார்.

திங்கள்கிழமை. ஏழரை மணியிலிருந்து போனைச் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். சரியாக எட்டு. ஒரு ரிங் அடித்து நின்றது. உன் நைனா அப்பாடா என்று துண்டை உதறித் தோளில் போட்டார், நான் கோவிந்தா என்றேன், அந்த வார்த்தை வாயை விட்டுப் போவதற்குள் மறுபடி அடித்து நின்றது. அவர் துண்டு கீழே விழுந்தது. மூன்றாம் தரம் அடித்தது. கல்பனா, அந்த நேரம் எனக்கு என்னென்ன வந்துபோனது என்று எழுத மாட்டேன். பச்சைப் பொத்தானை அழுத்தினேன். உனக்கு என்ன ஆச்சு கண்ணு என்று நான் கத்த, அங்கே நீ கத்துகிறாய், அம்மா உங்களுக்கு இன்னா ஆச்சு, நைனாவுக்கு ஒண்ணும் ஆவலியே, திருப்பதி நம்பர்ல இருந்து போன் வந்திச்சே, எந்த ஆஸ்பத்திரில கீறீங்க, நாலு நாளா நான் தூங்கலம்மா என்கிறாய். அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. மூன்று ரிங் உன் ஆபத்துக்கு இல்லை. எங்களுக்கு ஆபத்து என்று நினைத்துத்தான் அடித்திருக்கிறாய். போன் அணைந்திருக்கிறது, ஊரிலிருந்து தெரியாத நம்பர், நீ எங்களை எந்தக் கட்டிலில் படுக்க வைத்துப் பார்த்தாயோ. நாங்கள் நல்லா இருக்கோம் கண்ணு, சார்ஜர்தான் என்று சொன்னேன், அது உன் காதில் விழுந்ததோ இல்லையோ, லைன் அறுந்துவிட்டது. உன் நைனா மாட்டுக்கொட்டகைக்குப் போய் ரொம்ப நேரம் மாட்டைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. தூசு என்றார்.

இனி மற்ற சேதி. கடலை பிடுங்கியாகிவிட்டது, மழை வருவதற்குள் காய வைத்துக்கொண்டிருக்கிறோம். மாடு கன்று போட்டது தெரியும், கன்றுக்கு உன் நைனா வைத்திருக்கிற பெயர் ரெகுலேட்டர், சொன்னால் கேட்கவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடமெல்லாம் எங்க ஊட்ல சார்ஜர் செய்றோம் என்று சொல்லிக்கொண்டு வருகிறார், கரண்ட்ல கை வெக்காத என்றது யாரோ வேறு ஆள் போல. செல்லியம்மா தனக்கும் ஒன்று வேண்டும் என்று பருப்பு டப்பாவைக் காலி செய்து கொண்டுவந்து வைத்துவிட்டாள், எதிர் வீட்டிலும் கேட்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்று ருக்மணியும் இந்திராணியும் சொல்லியிருக்கிறார்கள். இந்த முறை நான் செருகுகிறேன், ருக்மணி ஈயம் வைக்கட்டும், அவளும் அடிப்பக்கம் எப்படி இருக்கும் என்று பார்க்கட்டும். கங்காதர நெல்லூர்ப் பையன் சிரஞ்சீவி இருபத்தைந்தாம் தேதி குவைத் திரும்புகிறான், அவனிடம் இந்தக் கடுதாசியோடு வறுத்த கடலை, எள்ளுப்பொடி, எலுமிச்சை ஊறுகாய் கொடுத்து அனுப்புகிறேன். ஊறுகாயைப் பார்த்துத் திற, எண்ணெய் மேலே நிற்கிறது. அந்தப் பெரியம்மாவைத் தனியாகத் தூக்காதே, இடுப்பு பிடித்துக்கொள்ளும், யாரையாவது கூப்பிடு. ஏசி அடிக்கிற அறையில் தரையில் படுக்காதே. வேளைக்குச் சாப்பிடு, எனக்குப் பசிக்கலம்மா என்கிற பேச்சை அங்கேயும் பேசிக்கொண்டிருந்தால் வந்ததும் தோலை உரிப்பேன்.

கடைசியாக ஒன்று, இதுதான் முக்கியம். ஒன்றரை வருஷமாக நீ எங்களுக்குத் தினமும் சொல்லிக்கொண்டிருந்தாய், நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். உனக்கும் அப்படி ஒன்று வேண்டியிருக்கும் என்று எனக்கும் தோன்றவில்லை, ஆபீசர் மாதிரி தலையை ஆட்டிய அந்த மனிதனுக்கும் தோன்றவில்லை. அங்கே அந்த வீட்டில் ஒருத்தியாக இருந்துகொண்டு நாலு நாள் எங்களுக்காக நீ பட்டதை நினைத்தால் மனசு தாங்கவில்லை கண்ணு, அம்மாவை மன்னித்துவிடு. உன் நைனா நேற்றே கடைக்குப் போய் நம் போனில் வெளிநாட்டுக்கு அடிக்கிற வசதியைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். உன் போனைச் சத்தம் இல்லாமல் நடுங்கும்படி மாற்றி இடுப்பில் செருகிக்கொள், அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. ஏழுமலையானும் நம் கங்கம்மாவும் உன் கூடவே இருந்து, நோய் நொடி இல்லாமல், போன காலோடு சிரித்த முகமாக உன்னைக் கொண்டுவந்து சேர்க்கட்டும். இந்தக் கடுதாசியை உன் கையில் சேர்த்துவிட்டேன் என்று சிரஞ்சீவி சொல்லி அனுப்பிய நாள் முதல், தினமும் சாயங்காலம் உனக்கு ஆறு மணிக்கு உன் இடுப்பில் ஒரே ஒரு தரம் நடுங்கி நிற்கும். எடுக்காதே. அது நாங்கள்தான், நல்லா இருக்கிறோம்.

இப்படிக்கு,
உன் அம்மா
ர. கமலம்மா
(பக்கத்தில் உட்கார்ந்து, எழுதிட்டியா, எழுதிட்டியா என்று அரித்துக்கொண்டிருக்கும் உன் நைனா ரங்கையாவும்)